பெரியதை எடுத்துவிட்டேன்

மைசூரு
4-10-2025, சனிக்கிழமை

அபிஜித்துக்கு,

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். மேல்வீட்டு மாதேவி, கால் மணி நேரம். அவள் கணவர் பசவராஜ், சுண்டல் வாங்கிக்கொள்ள வாசல்படி வரை. கூடத்தில் அப்பாவின் படம். வேறு யாருமில்லை. போன வருஷமும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான். ஆனால் போன வருஷம் நீ போனில் இருந்தாய்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நானும் வைத்துவிடுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க மாட்டார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். அப்பாவின் வருஷாப்திகத்துக்கு ஜூன் மாதம் நீயும் ஸ்மிதாவும் வந்துபோனபின் நாம் பேசிய வார்த்தைகளை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

பூஜையில் புஸ்தகங்களோடு உன் பழைய லாப்டாப்பையும் வைத்தேன். எனக்கு அதுவும் ஆயுதம்தானே. சந்தனம், குங்குமம் இட்டதைப் பார்த்துவிட்டு மாதேவி, "ஏனுங் மாமி, இதுக்கும் பொட்டு வெச்சிட்டீங்ளா? அப்படீன்னா நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வெக்கோணுமுங், எங்கூட்டுக்காரர் வண்டிக்கு வெக்கறாப்புல" என்றாள். கொள்ளேகால் பேச்சு அவளுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

பூஜைக்கு முந்தின நாள் வீட்டைத் துடைத்ததுபோல லாப்டாப்பையும் உள்ளே சுத்தம் செய்தேன். என் நோட்டில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வரி உண்டு. பெயர், எத்தனை எம்.பி., எந்தத் தேதியில் வந்தது, யார் போட்டது. அதில் நான் எழுதுகிற 'குறிப்பேடு' இரண்டு தடவை வருகிறது. சிறியது 38 எம்.பி., நான் போட்டது. பெரியது 214 எம்.பி., ஜூன் மாதம் நீ போட்டது. அதற்குத் துணையாக இன்னும் ஏதேதோ வந்து ஐந்நூறு எம்.பி.க்கு மேல் பிடித்துக்கொண்டது. சிறியது திறப்பதற்குள் நாலு ராமநாமம் சொல்லலாம். பெரியதற்கு இருபத்தொன்று. எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெரியதில் தமிழ் விசைப்பலகையும் முதல் நாலு நாள் வேலை செய்யவில்லை. நானே தேடிப் படித்துச் சரி செய்தேன்.

ஒரே பெயரில், ஒரே வேலைக்கு, எதற்காக இரண்டு வைத்தாய்? இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபமாகக் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் கெம்பையன் வந்தார். லீஸ் டிசம்பரோடு முடிகிறது. இருக்கப்போகிறேனா, காலி செய்யப்போகிறேனா என்று நவம்பர் முப்பதுக்குள் சொல்லச் சொல்கிறார். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

ஸ்மிதாவுக்கு என் ஆசீர்வாதம்.

அம்மா


புனே
11 அக்டோபர்

அம்மாவுக்கு நமஸ்காரம்.

நான் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஸ்கூலில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். நீ சமையலறைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டிய எழுத்துதான் இது. பிழை இருந்தால் விட்டுவிடு.

நீ கேட்டதற்கு முதலில் பதில்.

சிறியது பழைய வகை. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி நினைத்துக்கொள். கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். எந்தச் சமையலுக்கும் அதிலிருந்துதான் எடுப்போம். அதனால் ஒவ்வொன்றும் தனக்கென்று எதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். இடம் மிச்சம், சீக்கிரம் திறக்கும், உன் எழுத்துரு, உன் விசைப்பலகை எல்லாம் கேட்காமலே தெரியும். ஆனால் யாரோ ஒருவருக்காகப் பெட்டியில் ஒரு சாமானை மாற்றினால் மற்ற எல்லோர் சமையலும் மாறிவிடும். மே மாதம் அதுதான் ஆனது. நீ சிஸ்டத்தைப் புதுப்பித்தாய், பொதுச் சாமான் ஒன்று மாறியது, குறிப்பேடு திறக்காமல் போயிற்று. நினைவிருக்கிறதா? "எல்லாம் போயிடுத்துடா" என்று போனில் அழுதாய்.

பெரியது பெட்டி வகை. தனக்கு வேண்டிய உப்பு முதற்கொண்டு தானே கட்டிக்கொண்டு வரும். வெளியே எது மாறினாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் வெளியே இருப்பதற்கும் கெடுதல் இல்லை. புதுப் பதிப்பு சரியில்லை என்றால் முந்தின பதிப்புக்குத் திரும்பலாம். குறை என்னவென்றால் நீ எண்ணியதுதான். இடம், நேரம். இன்னொன்று, நீயாக அனுமதி கொடுக்காமல் வெளியே எட்டிப் பார்க்காது. பென் டிரைவ் சொருகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் எழுதுவதற்குப் பெட்டி வகையைப் போட்டேன். பழையதில் இருந்ததை அதற்குள் நகலெடுத்துப் போட்டேன். பழையதையும் சரிசெய்து, உனக்குப் பழக்கம் என்று அப்படியே விட்டுவைத்தேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்கிற மாதிரியா வீடு இருந்தது?

இப்போது நான் கேட்கிறேன். 'சுத்தம் செய்தேன்' என்று எழுதியிருக்கிறாய். எதை எடுத்தாய்? சிறியதை எடுத்திருந்தால் ஒன்றுமில்லை. பெரியதை எடுத்திருந்தால், ஜூனுக்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியை எடுக்கும்போது அதுவும் போய்விடும். ஆனால் இந்த வகையில் ஒரு நல்ல குணம் உண்டு. எடுக்கும் நேரத்தில் தானே ஒரு பிரதி எடுத்து முப்பத்தொரு நாள் வைத்திருக்கும். அதற்கப்புறம் அழித்துவிடும். நீ எடுத்தது செப்டம்பர் 30 என்றால் அக்டோபர் 31 வரைதான்.

உடனே போன் பண்ணு. இங்கிருந்தே உன் லாப்டாப்புக்குள் வந்து ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். வேறு எதுவும் பேச வேண்டாம்.

கெம்பையனுக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. இங்கே எங்களோடு வந்து இரு என்று நான் ஜூனிலேயே சொல்லியாயிற்று. உனக்கென்று தனி சமையலறை, தனி பூஜை அறை, வாசலே தனி. இதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. நீ 'வரலை' என்ற ஒரு வார்த்தையோடு எழுந்து போய்விட்டாய்.

அபிஜித்


மைசூரு
16-10-2025

அபிஜித்துக்கு,

பெரியதைத்தான் எடுத்தேன்.

முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். எழுதக் கூச்சமாக இருந்தது. எடுத்தது பூஜைக்கு முந்தின நாள் முற்பகல். ஒரே சாமான் இரண்டு இருந்தால் அதிக இடம் அடைக்கிறதை எடுப்பதுதானே வழக்கம்? எடுத்த கையோடு அணைத்து, துடைத்து, மறுநாள் பூஜையில் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்று புனர்பூஜை ஆகும்வரை திறக்கக் கூடாது. ஒன்றரை நாள் எதுவும் தெரியாமல் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஊரெல்லாம் ஜம்பூ சவாரி, அதுதான் தசரா யானை ஊர்வலம், பார்க்கப் போய், தெருவே காலியாக இருந்தது. அப்போதுதான் திறந்தேன். சிறியது திறந்தது. மே மாதத்தோடு நின்றிருந்தது.

நாலு மாதம் போயிற்று என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. மாதேவி மேலிருந்து, "மாமி, டிவில ஆனை வருதுங், வாங்க" என்று கூப்பிட்டாள். போனேன். அம்பாரி நகர்ந்தது. எல்லோரும் கைகூப்பினார்கள், நானும் கூப்பினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. லாப்டாப்புக்காக வேண்டிக்கொள்ளலாமா?

போன் பண்ண மாட்டேன். நீ உள்ளே வரவும் வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அதில் இருப்பது சமையல் குறிப்போ தோத்திரமோ இல்லை. அப்பா இருந்தவரை சாயங்காலம் காபி குடிக்கும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். கேட்பாரோ மாட்டாரோ, 'ம்' என்பார். அந்த 'ம்' இல்லாமல்போனபின் அதே வேளைக்கு உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் ஜூனில் வந்துபோனபின் அது அப்பாவிடம் சொல்வதாக இல்லை. உன்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாதது, ஸ்மிதாவிடம் சொல்லியிருக்க வேண்டியது, அப்படி ஆகிவிட்டது. அதை நீ திறந்து சரிபார்ப்பதை நான் இங்கே திரையில் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

செய்ய வேண்டியதைத் தாளில் எழுதி அனுப்பு. இந்த லாப்டாப்பில் எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அது சொல்லும் பிழைச் செய்திகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, நூலகத்தில் அகராதி பார்த்துப் படித்தவள் நான். இதையும் செய்வேன்.

சரியாக வரவில்லை என்றால் போகட்டும். ஆனால் போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் வராது.

தனி வாசலைப் பற்றி எழுதியிருந்தாய். பெட்டி வகையின் பெருமையையும் எழுதியிருந்தாய். வெளியே இருப்பதற்குக் கெடுதல் இல்லை என்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா


புனே
21 அக்டோபர்

அம்மா,

நேற்று தீபாவளிக்குப் போன் பண்ணினேன். "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்றேன். "ஆச்சு, உங்களுக்கு?" என்றாய். "ஆச்சு" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். வைத்தது நீயா நானா தெரியவில்லை. உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நேற்றே வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். அல்லது அதே மாதிரிதான் பேசியிருப்பேன்.

தனித்தாளில் மூன்று வரி அச்சடித்து வைத்திருக்கிறேன். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டு. இடைவெளி, புள்ளி எல்லாம் அப்படியே. முதல் வரி, பிரதி இருக்கிறதா என்று காட்டும். அதில் ஓர் எண் வரும், குறித்துக்கொள். இரண்டாவது, பெட்டியைத் திரும்ப நிறுவும். மூன்றாவதில் கோடிட்ட இடத்தில் அந்த எண்ணைப் போடு. கடவுச்சொல் கேட்கும். நீ தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. கெட்டுவிட்டது என்று நினைக்காதே, தட்டி முடித்து என்டர் கொடு. 31ஆம் தேதிக்கு முன்னால் செய். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், லீவெல்லாம் சேர்ந்து எப்போது வரும் என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் உள்ளே வரமாட்டேன். வந்தாலும் படிக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். படித்திருப்பேன். அதனால் நீ சொன்னதுதான் சரி.

தனி சமையலறையைப் பற்றி. அது என் யோசனை இல்லை. ஸ்மிதாவுடையது. பில்டர் பிளான் காட்டியபோது பால்கனியை மறைத்து, "இங்க அம்மாவுக்கு ஒரு அடுப்பு. யாரும் தொடமாட்டா, யாரும் கேக்காம உள்ள வரமாட்டா. நிம்மதியா மடி ஆசாரமா சமைச்சுக்கட்டும்" என்றாள். செடி வைக்க அவள் ஆசைப்பட்ட பால்கனி, அம்மா, அது. ஜூனில் உனக்கு போட்டோ காட்டினாளே, நினைவிருக்கிறதா? நீ பார்த்தாய். கண்ணாடியைக் கழற்றினாய். "நான் வரலை" என்றாய். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ரயிலில் புனே வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது அந்த அறையில் வீடு மாற்றியபோது வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அடுப்பு இன்னும் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது.

நான் கோபத்தில் 'பிடிவாதம்' என்றேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அபிஜித்


மைசூரு
1-11-2025, ஏகாதசி

அபிஜித்துக்கும் ஸ்மிதாவுக்கும்,

இந்தக் கடிதம் இரண்டு பேருக்கும்.

அபிஜித், நீ அனுப்பிய கவர் முப்பதாம் தேதி பிற்பகல் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட உள்ளே வைக்காமல் உட்கார்ந்தேன். முதல் வரியை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். மூன்றாம் தடவை ஒரே ஒரு வரி வந்தது. எண் ஒன்று. பிரதியின் வயது முப்பது நாள். இப்படி ஒரு பெட்டி, யாரும் கேட்காமலே, நான் எறிந்ததை இத்தனை நாள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. பிறகு கடவுச்சொல். நீ எழுதியிருந்தும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எதுவும் தெரியாத திரையில் தட்டிக்கொண்டே போவது சுலபமாக இல்லை. என்டர் கொடுத்தேன்.

பெரியதைத் திறந்தேன். இருபத்தொரு ராமநாமம் சொல்லவில்லை, பத்தோடு வாய் நின்றுவிட்டது. ஜூனுக்கு அப்புறம் எழுதியது நூற்றொன்பது பதிவு. எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

அதிலிருந்து ஒன்றை மட்டும் வெளியே எடுக்கப் பென் டிரைவுக்கு அனுமதி கொடுத்தேன். எப்படி என்று நானே கண்டுபிடித்தேன். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் கடைக்காரர் படிப்பார் என்று தோன்றியது. அதனால் பார்த்து எழுதுகிறேன். ஜூலை 17ஆம் தேதி எழுதியது.

"நேற்று அவர்கள் வீட்டு போட்டோவை மறுபடி பார்த்தேன். தனி அடுப்பு. யாரும் தொட மாட்டார்களாம். இதைக் கட்டியது அவர்கள் இல்லை, நான்தான். ஸ்மிதா கல்யாணமாகி வந்த முதல் ஆடி வெள்ளி. நான் மடியாகச் சமைத்துவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தேன். அவள் இன்னும் குளிக்கவில்லை. ரசம் பொங்கப் போகிறது என்று ஓடிவந்து ஈயச் சொம்பை இறக்கி வைத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கரண்டி விட்டுப் பார்த்தாள். நான் திரும்பி வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை. அவள் எதிரிலேயே ரசத்தைத் தொட்டியில் கொட்டினேன். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். மறுபடி புளி கரைத்தேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றையிலிருந்து என் சமையலறைக்குள் அவள் வாசற்படி தாண்டியதில்லை. 'அம்மா, காபி' என்று வெளியே நின்றே கேட்பாள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம். இப்போது என்னை நிம்மதியாக இருக்கச் சொல்லி, தனக்கு வேண்டிய பால்கனியைக் கொடுத்திருக்கிறாள். அங்கே போய் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேளையும் அந்தத் தொட்டிதான் கண்ணில் படும். இதைச் சொல்லாமல் 'வரலை' என்றேன்."

இவ்வளவுதான் வெளியே வருகிறது. மற்ற நூற்றெட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஸ்மிதா, அன்றைக்கு உப்பு சரியாக இருந்ததா? நான் கேட்கவே இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வயதில் மடி என்னைவிட்டுப் போகாது. ஏகாதசி, திவசம் அன்றைக்குத் தனியாகத்தான் சமைப்பேன். பூண்டு சாப்பிட மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிற காலையில் நான் ஈரப் புடவையோடு நின்று, "தள்ளிக்கோ" என்பேன். உங்களுக்குத் தொந்தரவுதான். நீங்கள் ஒன்றை மாற்றினால் என் சமையல் கெடும், நான் மாற்றினால் உங்களுடையது கெடும். அபிஜித் அஞ்சறைப்பெட்டியைப் பற்றி எழுதியது எனக்கு நன்றாகவே புரிந்தது. தனி அடுப்பில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, அதுவும் தெரியும். இங்கே அப்பா போனதிலிருந்து யாரும் தொடாத சமையலறையில்தான் சமைக்கிறேன். ஒரு ஆழாக்கு அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது.

சிறியதையும் எடுக்கவில்லை, பெரியதையும் எடுக்கவில்லை. நோட்டில் இரண்டு வரியையும் அப்படியே விட்டுவிட்டேன். இடம் போனால் போகட்டும்.

மாதேவியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "போய்ப் பாருங் மாமி. ஒத்து வரலீன்னா திரும்பி வந்துடுங்க, எங்கூட்டு மாடில ஒரு ரூம் கெடக்குதுங். ஆனா லாப்டாப்புக்குப் பொட்டு வெக்கறதுக்கு அங்க ஆருங் சிரிப்பாங்க?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அதே கவலைதான்.

நான் கேட்பது இதுதான். பால்கனியில் செடி வையுங்கள். உங்கள் சமையலறை அடுப்பில் ஒரு பக்கம் எனக்குக் கொடுக்க முடியுமா, ஸ்மிதா? என் சொம்பில் உன் கரண்டி படலாம். முடியாது என்றாலும் எழுது. நான் வருத்தப்படுவேன், ஆனால் கோபப்பட மாட்டேன். அபிஜித் பதில் எழுத வேண்டாம், உன் கையெழுத்தில் வரட்டும். தமிழ் வராவிட்டால் கன்னடத்தில் எழுது, படிப்பேன்.

கெம்பையனுக்கு முப்பதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

அம்மா